வண்டிக் கொட்டகையில் ஒரு தச்சுப் பட்டறை



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அதன் அளவையே சொல்லிவிடலாம்: நீளம் 20 அடி, அகலம் 11 அடி. சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்தில், எம் வீட்டை ஒட்டி நிற்கும் வண்டிக் கொட்டகை அது. ஒரு காலத்தில் அதில் மாட்டு வண்டி நின்றது. வண்டி போன பின்னர், எம் தந்தையார் அதனைத் தம் தச்சுப் பட்டறையாக்கிக் கொண்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அங்கே உளி பிடித்தார். சென்ற ஆண்டு எம் தம்பி ஒரு கார் வாங்கினார். காருக்கு நிழல் வேண்டும். தந்தையாருக்குப் பட்டறை வேண்டும். ஒரு கொட்டகையில் இரண்டும் அடங்குமா என்ற வினா எழுந்தது.

இது ஒரு வீட்டுச் சங்கதி. இதனை வானொலியில் பேசுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். தில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் இரண்டறைக் குடியிருப்புகளில் வாழ்கிற நமக்கு இச்சங்கதி புதியதன்று. தையற்பொறியை எங்கே வைப்பது, சிறுவனின் மின்சாரக் கருவிகளை எங்கே ஒதுக்குவது, ஊரிலிருந்து வந்த தந்தையின் கருவிப் பெட்டியைக் கட்டிலின் கீழே எத்தனை நாள் மறைப்பது என்று திகைப்போர் நம்மிடையே பலர். ஆதலின் எமக்கு நேர்ந்ததைச் சொல்லுகின்றோம்.

ஊரைப்பற்றி ஒரு சொல். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து அதனுடன் சேர்ந்தது. எம் பாட்டனார் தம் திண்ணையை விட்டு எழாமலே வெளி மாநிலத் தமிழரானார். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக யாம் வளர்ந்தோம். வெதுரு என்னும் தெலுங்குச் சொல்லுக்கு மூங்கில் என்பது பொருள். பழந்தமிழிலும் மூங்கிலுக்கு வெதிர் என்று பெயர் உண்டு. மொழிபெயர்ப்பை வயிற்றுப்பாடாகக் கொண்ட எமக்கு, இவ்விரு சொற்களும் பங்காளிகள் போல அருகருகே நிற்பதைக் காண்பதில் ஒரு தனி மகிழ்ச்சி. நிற்க.

கார் வந்த பின் தந்தையாரின் பலகைகளும் சட்டங்களும் சுவரோரம் ஒதுக்கப்பட்டன. ஒதுக்கப்பட்டவை நாளடைவில் சரிந்தன. ஒரு மாலைப் பொழுதில், காருக்கும் சுவருக்கும் இடையே கிடந்த ஒரு சட்டம் தடுக்கி அவர் வீழ்ந்தார். இடக்கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் பலரும் நாடுவது புத்தூர்க் கட்டு. மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றிக் கட்டும் அக்கட்டினோடு அவர் வீடு திரும்பினார். 74 வயதில் இனி உளி எதற்கு என்றார் தம்பி. அன்பினால் சொன்ன சொல்தான். தந்தையார் மறுமொழி கூறவில்லை. அன்று முதல் கொட்டகைப் பக்கமே செல்லவில்லை என்றும், திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்தபடியே இருக்கிறார் என்றும், உண்ணும் சோறும் பாதியாயிற்று என்றும் அன்னையார் தொலைபேசியில் சொன்னபோது, யாம் பதினைந்து நாள் ஈட்டிய விடுப்புக்கு விண்ணப்பம் எழுதினோம்.

ஊருக்குச் சென்றதும் முதலில் தம்பியிடம் பேசினோம். கார் நிற்கும் இடத்தில் பட்டறை என்பது ஊரார் சிரிக்கும் காரியம் என்றார். அவருக்கு யாம் ஒரு கதை சொன்னோம். அமெரிக்க நாட்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பாலோ ஆல்டோ என்னும் ஊரில் ஒரு வாடகை வீடு. அதன் பின்புறத்துக் கார்க் கொட்டகையின் அளவு 12 அடிக்கு 18 அடி. எம் கொட்டகையைவிட ஓரடி அகலம் மிகுதி. நீளத்தில் இரண்டடி குறைவு. 1938-ஆம் ஆண்டில் வில்லியம் ஹியூலெட், டேவிட் பேக்கர்ட் என்னும் இரு இளைஞர்கள் அதில் 538 டாலர் முதலீட்டில் ஒலி அலைகளை எழுப்பிச் சோதிக்கும் கருவி ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். அவர்களுடைய தொழிலகம் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. அக்கொட்டகையை அம்மாநிலம் வரலாற்றுச் சின்னமாக அறிவித்துள்ளது. தம்பி கதையைப் பொறுமையாகக் கேட்டார். ‘அவர்களிடம் கார் இருந்ததா?’ என்று ஒரு வினா விடுத்தார். விடை தெரியாமல் யாம் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு எழுந்தோம்.

முதல் நாள் கொட்டகையை முற்றிலும் காலி செய்தோம். இடம் போதவில்லை என்று புலம்புகிறவர் எவரும் முதலில் செய்ய வேண்டியது இதுவே. பொருள்கள் உள்ளே இருக்கும்போது அறையின் அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் பரப்பினோம். இழைப்புளிகள் நான்கு, வாள்கள் மூன்று, பெரியதும் சிறியதுமாக உளிகள், புளிய மரத்து வயிரத்தில் செய்த கொட்டாப்புளி, மூலைமட்டம், வாய்ச்சி, துறப்பணம், அரங்கள், குறடுகள். இவற்றோடு வாயில்லாத திருப்புளிகள், பிடியில்லாத சுத்தியல்கள், துருவேறிய ஆணிகள் நிறைந்த டப்பாக்கள் எத்தனையோ. நாள்தோறும் தொடுபவை, எப்போதாவது தொடுபவை, தொடாதவை என மூன்று குவியலாகப் பிரித்தோம். தந்தையார் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார்.

மூன்றாம் குவியலில் ஒரு வண்டிச் சக்கரம் கிடந்தது. முடிவுறாத சக்கரம். குடத்தில் பன்னிரண்டு ஆரக்கால்களும் பொருத்தியாயிற்று. வட்டை மட்டும் ஏறவில்லை. செய்யச் சொன்னவர் இடையில் டிராக்டர் வாங்கிவிட்டார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவுமில்லை, சக்கரத்தைக் கேட்டு வரவுமில்லை. தரையில் நாலடிச் சதுரத்தை அது விழுங்கிக்கொண்டிருந்தது. விறகுக்குப் போடலாமா என்று கேட்டுவிட்டோம். தந்தையார் எழுந்து உள்ளே போய்விட்டார். கட்டுரை எழுதிப் பழகிய கை, அடித்துத் திருத்துவதற்கு அஞ்சாது. ஆயினும் பிறர் எழுத்தை அடிக்கும் உரிமை நமக்கில்லை என்பதை அன்று உணர்ந்தோம். சக்கரத்தைத் தனியே எடுத்து வைத்தோம்.

அடுத்து, காலியான தரையில் அன்னையாரின் கோலமாவால் காரின் உருவத்தை வரைந்தோம். கார் 13 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். இடப்பக்கச் சுவருக்கு ஓரடி விட்டு நிறுத்தினால், வலப்பக்கத்தில் நாலரை அடி மிஞ்சும். நம் நாட்டுக் கார்களில் ஓட்டுநர் வலப்புறம் இறங்குவதால், கதவு திறக்கவும் ஆள் நடக்கவும் இரண்டரை அடி போய்விடும். எஞ்சியது சுவரை ஒட்டி இரண்டடிப் பட்டை. கொட்டகையின் பின்கோடியில் மட்டும் 7 அடிக்கு 11 அடியாக ஒரு வெற்றிடம். முன்னிருந்ததில் மூன்றிலொரு பங்கு அது. ஆனால் சுவர்கள் ஒன்பதடி உயரம். தரையைப் பார்த்துச் சோர்ந்த கண் சுவரைப் பார்த்துத் தேறியது.

நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். தரையில் வைத்தவை எவ்வளவு குறைவு! விளக்குக்குச் சுவரில் மாடக்குழி. தயிருக்கும் நெய்க்கும் உத்திரத்திலிருந்து தொங்கும் உறி. பெரிய அண்டாக்களுக்குப் பரண். தாளிதப் பண்டங்களுக்கு அஞ்சறைப் பெட்டி. தரை என்பது நடக்கவும் படுக்கவும் இலை போடவும் உரியது என்று வைத்திருந்தார்கள். இன்று விலை கொடுத்து வாங்கும் தட்டுகளும் கொக்கிகளும் இவற்றின் பேரப் பிள்ளைகளே. இவ்வழியில் யாமும் பின்சுவர் முழுவதும் பலகை அறைந்தோம். கருவிகளை அளவுவாரியாக வரிசைப்படுத்தி மாட்டினோம். ஒவ்வொன்றின் உருவத்தையும் சுற்றி வண்ணத்தால் கோடிழுத்தோம். கீழே பெயரும் எழுதினோம். பார்ப்பதற்கு அச்சிட்ட அகராதிப் பக்கம் போலிருந்தது. மிகுந்த பெருமிதத்துடன் தந்தையாரை அழைத்து வந்தோம்.

கட்டு அவிழ்ந்த கையோடு அவர் வந்து நின்றார். ஒரு சட்டத்தை எடுத்துக் கோடிட முயன்றார். மூலைமட்டம் ஒரு கோடியில், கோடு கிழிக்கும் ஊசி மறு கோடியில், உளி தலைக்கு மேலே, கொட்டாப்புளி முதுகுக்குப் பின்னே. நாலு முறை திரும்பினார். பிறகு சட்டத்தை வைத்துவிட்டு, ‘அழகாகத்தான் இருக்கிறது’ என்றார். அந்தத் ‘தான்’ எம்மைச் சுட்டது.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. நகரியில் சிறு வயதில் கண்ட ஒரு வீடு நினைவுக்கு வந்தது. நகரி, புத்தூர், நாராயணவனம் ஆகிய ஊர்கள் நெசவுக்குப் பேர்பெற்றவை. இப்போது அங்கே விசைத்தறியின் ஓசையே மிகுதி. யாம் கண்டது குழித்தறி. ஓர் அறைதான் வீடு. அதில்தான் தறி, அதில்தான் அடுப்பு, அதில்தான் தொட்டில். மிதிகட்டைகள் தரைக்குக் கீழே குழிக்குள் இருக்கின்றன. கால்களைக் குழியில் விட்டு, தரை மட்டத்தில் அமர்கிறார் நெசவாளர். தறியின் உயரத்தில் ஒரு பங்கை மண்ணே ஏற்றுக்கொள்வதால் தாழ்ந்த கூரையும் இடிப்பதில்லை. குழியின் குளிர்ச்சி நூலுக்கும் நல்லது. நெய்த துணி மடியருகே சுருள்கிறது. தார்கள் வலக்கைப் பக்கத்துக் கிண்ணத்தில். பாவின் மறுகோடியை இழுத்துப் பிடிக்கும் கயிறு எதிரே உள்ள முளையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்துக்கே திரும்பி வந்து கட்டுண்டிருக்கிறது. பாவைத் தளர்த்த அவர் எழ வேண்டுவதில்லை. அங்கே எப்பொருளும் அளவு பார்த்தோ அழகு பார்த்தோ வைக்கப்படவில்லை. கை எந்த முறையில் எதைத் தேடுமோ அந்த முறையில் வைக்கப்பட்டிருந்தது.

யாம் செய்த பிழை விளங்கிற்று. அகராதி, தேடுகிறவனுக்காக எழுந்தது. தொழிலாளி தேடுவதில்லை. பிராங்க் கில்பிரெத் என்னும் அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொத்தர்களின் வேலையை ஆராய்ந்தார். ஒவ்வொரு செங்கல்லுக்கும் கொத்தர் குனிந்து நிமிர்வதைக் கண்டார். செங்கல்லும் சாந்தும் இடுப்பளவில் நிற்குமாறு சாரத்தை மாற்றி அமைத்தார். ஒரு கல் பதிக்க வேண்டியிருந்த பதினெட்டு அசைவுகள் ஐந்தளவில் வந்து நின்றன. நகரி நெசவாளர் யாரும் கில்பிரெத்தைப் படித்தவரல்லர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

மறுநாள் காலை எல்லாவற்றையும் கழற்றித் தந்தையார் முன் வைத்து, ‘நீங்களே சொல்லுங்கள்’ என்றோம். அவர் வேலையின் வரிசையில் சொன்னார். முதலில் அளப்பதும் குறிப்பதும்: முழக்கோல், மூலைமட்டம், கோடு கிழிக்கும் ஊசி, இவை பணிமேசையின் இடக்கோடியில். அதனை அடுத்து அறுப்பது. பின் இழைப்பது. அதன்பின் துளையிடுவதும் பொருத்துவதும். எடை மிக்கவை இடுப்புக்கும் மார்புக்கும் இடையே, இலேசானவை மேலே. தலைக்கு மேலே கூரிய கருவி எதுவும் கூடாது. உளிகளுக்கு மூங்கில். கணு ஒரு பக்கம் அடைத்திருக்குமாறு அறுத்த மூங்கில் குழல்களைப் பலகையில் வரிசையாகக் கட்டினோம். உளியின் வாய் குழலுக்குள், பிடி வெளியே. வெதுருகுப்பத்தில் மூங்கிலுக்குப் பஞ்சமா?

யாம் வரைந்த வண்ணக் கோடுகளை முழுதும் அழிக்க அவர் விடவில்லை. சுத்தியல், குறடு, திருப்புளி ஆகியவற்றுக்கு மட்டும் இருக்கட்டும் என்றார். அவை வீட்டாரும் அண்டையாரும் எடுத்துப் போகும் கருவிகள். போனது எது என்று வெற்றுக்கோடு காட்டிக்கொடுக்கும். எம் புலமைக்கு அந்த அளவில் இடம் கிடைத்தது.

பணிமேசையின் உயரத்தையும் அவர் உடலே தீர்மானித்தது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம்: எம் தந்தையாருக்கு 31 அங்குலம். இழைப்பதற்கு இது பொருந்தும். நுண்ணிய வேலைக்குச் சற்று உயரம் வேண்டும், அதற்கு ஒரு மணைக்கட்டையை மேசைமேல் வைத்துக்கொண்டால் போதும். சிறு சாமான்களுக்கு அன்னையார் தம் பழைய அஞ்சறைப் பெட்டியைத் தந்தார். சீரகம் இருந்த கிண்ணத்தில் அரையங்குலத் திருகாணி. ஹார்லிக்ஸ் போத்தல்களின் மூடிகளைத் தட்டுப்பலகையின் அடியில் திருகாணியால் இறுக்கினோம். போத்தலைக் கீழிருந்து திருகினால் மூடியைப் பற்றிக்கொண்டு தொங்கும்; உள்ளிருப்பதும் தெரியும்.

குறைந்த இடத்தில் மிகுந்த கருவிகளை அடக்குவதற்கு எல்லை எது என்று கேட்பீர்களானால், பியானோ செய்யும் தொழிலாளியாகிய ஹென்றி ஸ்டட்லியின் பெட்டியைச் சொல்லலாம். 1838 முதல் 1925 வரை வாழ்ந்த அவ்வமெரிக்கர், மூடினால் ஏறத்தாழ 40 அங்குல உயரமும் 20 அங்குல அகலமுமே உள்ள ஒரு சுவர்ப் பெட்டியில் ஏறக்குறைய முந்நூறு கருவிகளை வைத்திருந்தார். ஒரு வரிசையை விலக்கினால் அதன் பின்னே மற்றொரு வரிசை. படத்தைத் தந்தையாரிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். பிறகு, பின்வரிசையில் இருப்பதை எடுக்க முன்வரிசையைத் திறக்க வேண்டுமே, தமக்கு அவ்வளவு பொறுமையில்லை என்றார். எமக்கும் அக்கருத்தே. அடக்குவது வேறு, ஆளுவது வேறு.

இனி அந்த இரண்டடிப் பட்டை. இதற்கும் நெசவாளரே வழிகாட்டினார்கள். நீண்ட பாவை விரித்துக் கஞ்சியிட வீட்டில் இடமேது? விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரிப்பார்கள். வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். பின்னர் அது வண்டியும் ஆளும் செல்லும் தெரு. ஒரே இடம், வெவ்வேறு வேளை. எம் தம்பி திருப்பதியில் வேலை பார்க்கிறார். காலை எட்டு மணிக்குக் காரோடு புறப்பட்டால் இரவு ஏழுக்குத் திரும்புகிறார். அந்தப் பதினொரு மணி நேரமும் கொட்டகை முழுவதும் பட்டறையாகலாமே! வலப்பக்கச் சுவரில் கீல் வைத்து, ஏழடி நீளப் பலகை ஒன்றைப் பொருத்தினோம். பகலில் இறக்கிக் கால் கொடுத்தால் கதவுப் பலகை இழைக்கும் மேசை. மாலையில் மடித்துக் கொக்கியிட்டால் சுவரோடு சுவர்.

மரத்தைப் பற்றி ஒரு கருத்துவேறுபாடு எழுந்தது. யாம் காருக்கு மேலே இரும்புத் தாங்கி அடித்து, சட்டங்களை அங்கே ஏற்றிவிடலாம் என்றோம். இடம் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் முறிந்து கூடிய மணிக்கட்டோடு முதியவர் ஒருவர் பாரத்தைத் தலைக்கு மேல் தூக்குவதா? சிக்கனம் பார்த்து மீண்டும் ஒரு விபத்தை விலைக்கு வாங்குவதா? மரம் முழுவதும் வெளிச்சுவரின் தாழ்வாரத்துக்குச் சென்றது. கறையான் ஏறாதிருக்கக் கருங்கல் மேல் அடுக்கி, சாரல் படாதிருக்க மூங்கில் தட்டி கட்டினோம். அன்றைய வேலைக்கான மரம் மட்டுமே உள்ளே வரும்.

மற்றொரு செய்தியையும் விட்டுவிடலாகாது. காரும் தச்சும் ஒரு கூரையின் கீழ் இருந்தால் நெருப்பைப் பற்றிய அச்சம் வேண்டும். பெட்ரோல் ஆவியும் இழைப்புச் சுருளும் நல்ல அயலார் அல்லர். சாணைச் சக்கரத்தின் பொறி பறக்கும் வேலையைக் கார் இல்லாத வேளையில், கதவருகே வைத்துக்கொள்ள வேண்டும். மெருகு நெய்யும் ஸ்பிரிட்டும் கொட்டகைக்கு வெளியே தனி அலமாரியில் இருக்கட்டும். மாலைதோறும் மரத்தூளைக் கூட்டிய பின்னரே கார் உள்ளே வரலாம். கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட்டுவது உயிருக்கே தீங்கு. அப்புகையின் நஞ்சுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, உளிச் சத்தம் கேட்டு விழித்தோம். தந்தையார் அந்தச் சக்கரத்தை வேப்பமரத்தடியில் சாய்த்து, ஆரக்கால்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும், ‘நல்ல கருவேல். முளைக்கு ஆகும்’ என்றார். பன்னிரண்டு ஆரக்கால்களும் அளவாக அறுபட்டு, சுவர்ப்பலகையில் பன்னிரண்டு முளைகளாக ஏறின. வாள்களும் கயிறுகளும் மட்டப்பலகையும் இப்போது அவற்றில்தான் தொங்குகின்றன. குடத்தை மட்டும் அறுக்கவில்லை. அது மேசையின் கீழே இருக்கிறது. களைத்தபோது அமரும் ஆசனம்.

சென்ற வாரம் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் தம்பி, குரலில் சற்றுக் குறை. அன்று அவர் மாலை நாலு மணிக்கே வீடு திரும்பிவிட்டாராம். மடிப்பு மேசையின் மேல் பள்ளிக்கூடத்துப் பெஞ்சு ஒன்று பசையிட்டு இறுக்கிக் கிடந்ததாம். பசை காய இரவாகும். அதுவரை மேசையை மடிக்க இயலாது என்று தந்தையார் சொல்லிவிட்டாராம். கார் அன்றிரவு வேப்பமரத்தடியில் நின்றது.